வேலிக் கதியாலில் ஒரு போன்சாய்: யாழ்ப்பாணத்தில் இலையுதிர் மரத்தைச் சட்டியில் வளர்க்கும் முழுமையான வழிகாட்டி

என்னுடைய முதல் போன்சாயைத் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். பங்குனி மாதம். வேலி மரமான கிளுவை இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. வெயிலில் காய்கிறதே என்று காலையும் மாலையும் ஒரு செம்புத் தண்ணீர் விட்டேன். மூன்றாவது கிழமை தண்டை அமத்திப் பார்த்தபோது பழுத்த வாழைப்பழத்துக்குள் போவதுபோல விரல் உள்ளே போனது. புளித்த மணம் வேறு. அம்மம்மா திண்ணையில் இருந்தபடியே கேட்டா: “வேலியிலை நிக்கிற கதியாலுக்கு ஆரடா பங்குனியிலை தண்ணி ஊத்தினது?”

கதியால் என்றால் வேலிக்கு உயிரோடு நட்ட மரத்தடி. அந்தக் கேள்விக்குள்தான் இந்த வழிகாட்டியின் பாதி இருக்கிறது. போன்சாய்ப் புத்தகங்களும் யூரியூப் காணொளிகளும் இலையுதிர் மரம் என்றால் குளிரில் உறங்கும் மரம் என்றே எடுத்துக்கொள்கின்றன. பனிக்கு முன் இலை உதிரும், வசந்தத்தில் துளிர்க்கும், அதற்கேற்பச் சட்டி மாற்று, வெட்டு, பசளை போடு என்று மாதக் கணக்கு வரும். எங்கள் மரங்களுக்கு உறக்கம் வெயிலில். மாசியிலும் பங்குனியிலும் மண்ணில் ஈரம் வற்றும்போது அவை இலையைக் கழற்றிவிட்டுச் சும்மா இருக்கின்றன. ஆகவே ஜப்பானிய நாட்காட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, வளவு வேலியைப் பார்த்து ஒரு நாட்காட்டி எழுதவேண்டும். கீழே இருப்பது அதுதான்.

எந்த மரம்?

முதலில் ஒரு ஆசையை ஒதுக்கிவிடுவோம். கனடாவில் இருக்கும் மச்சானிடம் மேப்பிள் விதை கேட்காதீர்கள். ஜப்பானிய மேப்பிள், கிங்கோ போன்றவற்றுக்கு ஆண்டில் சில மாதம் உண்மையான குளிர் வேண்டும். எங்கள் தை மாதத்து இரவு 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதே அரிது. விதை முளைக்கலாம், ஒன்றிரண்டு வருடம் இழுத்துக்கொண்டும் கிடக்கலாம். உறக்கம் கிடைக்காத மரம் மெல்ல மெல்ல இளைத்துப் போய்விடும். (ரொறன்ரோவில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சிக்கல் நேர் எதிர். உங்கள் மேப்பிளை மாரியில் சூடேற்றிய வீட்டுக்குள் எடுக்கக் கூடாது, சட்டி கல்லாக உறையவும் விடக் கூடாது. சூடாக்காத கராஜ் ஒன்றே போதும்.)

எங்கள் மண்ணில் இலை உதிர்க்கும் மரங்கள் தாராளம். வேம்பு மாசி பங்குனியில் கொட்டிச் சித்திரையில் பூவோடு துளிர்க்கும். அரசு, கிணற்றுக் கட்டிலும் மதில் வெடிப்பிலும் இலவசமாக முளைக்கும். செம்பு நிறத் தளிர் அழகு, ஆனால் வீட்டில் வளர்க்க விடாத பெரியவர்கள் உண்டு. வில்வத்துக்கு முள்ளும் பொறுமையும் அதிகம். நெடுந்தீவில் நிற்கும் பெருக்கு மரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பருத்த அடி நினைவிருக்கும். அராபிய வணிகரோடு வந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆபிரிக்க மரம் சட்டியிலும் அப்படியே பருக்கும். இலுப்பை நல்ல மரம், இலைதான் பெரிது.

நான் சொல்லப்போவது கிளுவை. காரணம் எளிது: வெட்டி நட்டால் பிழைக்கும், வறட்சி தாங்கும், தண்டில் காகிதம்போல உரியும் தோலும் அதற்குள் பச்சையும் இருப்பதால் சின்ன மரமே கிழட்டுத் தோற்றம் காட்டும். வேலிகளில் இரண்டு வகை காணலாம். முள்ளும் சிற்றிலையும் உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள், கொப்பு நெருக்கமாக விடும். முள் இல்லாத பெரிய இலைக்காரனும் பழுதில்லை. சீமைக்கிளுவையை இதோடு குழப்ப வேண்டாம். அது கிளிரிசீடியா, வேறு குடும்பம், வேறு குணம்.

முதற்படி: கதியால் தேடுதல்

நாற்றுமேடைக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் வேலி பிடுங்கி மதில் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். கல்லும் சீமெந்தும் வந்து இறங்கும் நாளில் இருபது முப்பது வருடக் கதியால்கள் றோட்டோரம் குவியும். இரண்டு நாளில் அவை விறகு. மேசன் வேலை தொடங்கும் முன் போய்க் கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லை வேலியில் நிற்கும் கதியாலை ஒரு வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் தோண்டாதீர்கள். ஒரு சாண் எல்லைக்குப் பத்து வருடம் கோட்டுக்குப் போன ஊர் இது. இரண்டு பக்கமும் கேளுங்கள்.

நேராக, வழுவழுவென்று, மேலும் கீழும் ஒரே பருமனில் நிற்கும் கதியால் நட்டபின்னும் தடி மாதிரித்தான் நிற்கும். ஒவ்வொரு வருடமும் ஆட்டுக்குக் குழை வெட்டிய இடத்தில் முண்டுமுடிச்சாகப் புடைத்திருப்பதைத் தேடுங்கள். அந்த முடிச்சுகளுக்குள் உறங்கும் மொட்டுகள் நிறைய. அடி மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் விரிந்திருந்தால் இன்னும் நல்லது. கைமணிக்கட்டுப் பருமன் தொடங்க உகந்தது. தொடைப் பருமனுக்கு ஆசைப்பட்டால் பிறகு தூக்க ஆள் தேடவேண்டிவரும்.

காலம்: பங்குனிக் கடைசி முதல் சித்திரை நடுப்பகுதி வரை. இலை இல்லை, ஆனால் மொட்டு மெல்லத் தடிக்கத் தொடங்கும். நகத்தால் தொட்டால் முன்பு தட்டையாக இருந்த கண் இப்போது அரிசிமணிபோல உருளும்.

இரண்டாம் படி: வெட்டும் நாளும் காயவிடும் நாளும்

மண்ணிலிருந்து கிளப்பும்போது அடியிலிருந்து ஒரு முழம் தள்ளி அலவாங்கால் சுற்றிவரக் குத்தி, பக்க வேர்களில் நாலைந்தாவது கையளவு நீளம் மிஞ்சும்படி எடுங்கள். ஆணிவேர் போனால் கவலை இல்லை. பிறகு வாள். நீங்கள் விரும்பும் உயரத்துக்கு மூன்றில் ஒரு பங்கில் தண்டை அறுத்துவிடுங்கள். முக்கால் முழ மரம் வேண்டுமென்றால் கால் முழத்தில் அறுப்பது. மிச்சம் புதுக் கொப்பால் வளர்ந்து வரும்போதுதான் அடி பருத்து நுனி ஒடுங்கிய உருவம் கிடைக்கும். புதியவர்கள் எல்லோரும் உயரமாக விட்டுவிட்டுப் பிறகு வருந்துவது இங்கேதான். நானும் இரண்டு தடவை வருந்தினேன்.

அறுத்த வாயில் பிசின் கசியும். கையில் ஒட்டினால் சவர்க்காரத்துக்குப் போகாது, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போகும். அந்த மணம் எனக்குப் பிடிக்கும், சாம்பிராணிக்கும் பச்சை மாங்காய்க்கும் இடையில் ஏதோ ஒன்று. சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கிளுவையும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் அது தற்செயல் இல்லை.

இனித்தான் பெரும்பாலோர் பிழைவிடும் இடம். அறுத்த கையோடு நடாதீர்கள். வேரும் தண்டும் வெட்டுப்பட்ட வாய் காயாமல் ஈரமண்ணுக்குள் போனால் அழுகல் அதன் வழியாக ஏறும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒரு சாக்கின் மேல் ஏழு முதல் பத்து நாள் கிடக்கட்டும். தண்டுக்குள் இருக்கும் ஈரம் அதற்குப் போதும். வெட்டிய முகம் மங்கி, தோல்போல இறுகினால் நடலாம். வேப்பங்கட்டையை இப்படிக் காயவிட்டால் செத்துவிடும், அதைக் கிளப்பிய உடனே நடவேண்டும். இந்தக் காயவிடும் வைத்தியம் கிளுவைக்கு மட்டும்.

மூன்றாம் படி: சட்டி

ஜப்பானியச் சட்டிக்குச் செலவழிப்பதை நாலு வருடம் தள்ளிப்போடுங்கள். சந்தைச் சட்டிபானைக் கடையில் கிடைக்கும் பத்து அங்குலக் கறிச்சட்டி அருமையான பயிற்சித் தொட்டி. ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, கவிழ்த்து ஈரச் சாக்கின்மேல் வைத்து, கல் துளைக்கும் அலகை டிரில்லில் பூட்டி, அடிக்கும் விசையை நிறுத்திச் சும்மா சுழலவிட்டுத் துளையுங்கள். நடுவில் பெருவிரல் நுழையும் துளை இரண்டு, ஓரத்தில் கம்பி நுழைய நாலு. நான் மூன்று சட்டி உடைத்துத்தான் நாலாவதில் பழகினேன்.

புதுச் சீமெந்துத் தொட்டி வேண்டாம். அதிலிருந்து சுண்ணாம்பு கரைந்துகொண்டே இருக்கும். எங்களிடம் ஏற்கனவே சுண்ணாம்புக்குக் குறைவில்லை. வேறு வழியில்லை என்றால் ஒரு மாதம் தண்ணீரில் மூழ்கவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, பிறகு பாவியுங்கள்.

நான்காம் படி: மண் என்று சொல்லப்படும் மண்ணல்லாத கலவை

வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் செழிக்கும். அதே மண்ணைச் சட்டிக்குள் அடைத்தால் மாரியில் களி, கோடையில் செங்கல். வயலில் அதற்குக் கீழே ஆழம் இருக்கிறது, புழு இருக்கிறது, வேர் ஓட இடம் இருக்கிறது. மூன்று அங்குல ஆழச் சட்டிக்குள் இவை ஒன்றும் இல்லை. அங்கே வேருக்கு வேண்டியது காற்று.

என் கலவை இது: உடைத்த ஓட்டுச் சல்லி 4 பங்கு, சிரட்டைக்கரி 1 பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு 1 பங்கு. ஓடு என்றால் பழைய வீட்டுக் கூரை ஓடு. எங்கள் ஊரில் உடைந்த ஓட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை, அதன் காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை. சாக்கில் போட்டுச் சுத்தியலால் தட்டி, முதலில் பெரிய கண் வலையில் சலித்துப் பெரியதைத் திருப்பித் தட்டுங்கள். பிறகு மா அரிக்கும் அரிதட்டில் போட்டுத் தூளை முழுவதும் போக்குங்கள். மிஞ்சவேண்டியது பயறுமணி முதல் கடலைமணி வரையான துண்டுகள். தூளைச் சோம்பலில் விட்டுவிட்டால் மூன்றே மாதத்தில் அது அடியில் இறங்கித் துளையை அடைக்கும். வேம்பு, அரசு, வில்வத்துக்கு மாட்டெருவை இரண்டு பங்காக்கலாம், அவை கொஞ்சம் கூடுதல் ஈரம் கேட்கும்.

ஓட்டுக்குப் பதிலாகக் கட்டட வேலைக்கு வரும் வெள்ளைச் சல்லியைப் போடலாமா என்று கேட்பவர்கள் பலர். போடக் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாடு இருப்பதே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மேல். உள்ளூர்க் கல்லில் பெரும்பகுதி அதுதான். ஐயமிருந்தால் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் நாலு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. வடமராட்சிக் கடற்கரை மணலும் வேண்டாம். மிக நுண்ணியது, உப்பும் சிப்பித்தூளும் கலந்திருக்கும்.

ஐந்தாம் படி: நடுதல்

பெரிய துளைகளின்மேல் பழைய நுளம்பு வலைத்துண்டை இரண்டு மடிப்பாக வைத்துக் கம்பியால் பிடித்துவிடுங்கள். ஓரத் துளைகளால் இரண்டு நீளக் கம்பியைக் கீழிருந்து மேலே எடுத்து நிற்கவிடுங்கள். கலவையை நடுவில் மேடாகப் போட்டு, மரத்தை அதன்மேல் வைத்து, இடமும் வலமும் மெல்லத் திருகி அமத்துங்கள். அடியில் வெற்றிடம் இருக்கக் கூடாது. வேரைச் சுற்றிவர விரித்து, கம்பி நுனிகளைத் தண்டடியில் குறுக்காகக் கட்டி முறுக்குங்கள். தோல் அறாமல் இருக்கச் சைக்கிள் ரியூப் துண்டொன்றை இடையில் வைக்கலாம்.

இந்தக் கட்டு அழகுக்கு இல்லை. வைகாசி பிறந்ததும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கும். அசையும் மரத்தில் நேற்று விட்ட வேர் இன்று அறும். சட்டியைத் தண்டில் பிடித்துத் தூக்கினால் முழுவதும் ஒன்றாக வரவேண்டும், அதுதான் அளவு.

மேலே கலவை நிரப்பி, ஒரு குச்சியால் வேர்களுக்கிடையில் குத்தி இறக்கி, துளையால் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஒரு தடவை ஊற்றுங்கள். பிறகு துளிர் காணும்வரை சட்டியைத் தென்னோலைக் கிடுகு நிழலில் வைத்து, காய்ந்தபின் மட்டும் கொஞ்சம் தெளியுங்கள். ஆறு முதல் எட்டுக் கிழமை ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். ஆட்டிப் பார்க்க, கிளப்பிப் பார்க்கக் கை துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர்

தண்ணீரில் இரண்டு கேள்வி உண்டு. எப்போது ஊற்றுவது, எந்தத் தண்ணீரை ஊற்றுவது.

எப்போது என்பதற்கு என் கருவி ஐஸ்பழக் குச்சி. கழுவிக் காயவைத்த குச்சியைச் சட்டி ஓரமாக இரண்டு அங்குலம் இறக்கி விடுங்கள். பத்து நிமிடம் கழித்து இழுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நிறம் கறுத்து ஈரமாக வந்தால் இன்று வேண்டாம். நுனி மட்டும் மங்கலாக இருந்தால் இன்று பின்னேரம். முழுக் குச்சியும் வெளிறி வந்தால் இப்போதே. ஊற்றினால் துளையால் ஓடும்வரை ஊற்றவேண்டும். தெளித்துவிட்டுப் போவது மேல்மண்ணை மட்டும் நனைக்கும்.

பொதுவாக எப்படிப் போகும் என்றால்: இலை நிறைந்து நிற்கும் மாதங்களில் தினம் காலை ஒரு தடவை. சோளகம் அடிக்கும் ஆனி, ஆடியில் சில நாள் இரண்டு தடவை. காற்றுத்தான் வெயிலைவிட அதிகம் உறிஞ்சும். தையில் இரவுப் பனி இருப்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள். மாசியில் இலை மஞ்சளாகத் தொடங்கினால் மெல்லக் குறைத்துவாருங்கள். முழு மொட்டையானபின் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தம்ளர், சல்லிவேர் முற்றாகக் காயாமல் இருக்க மட்டும். இந்தக் கட்டத்தில்தான் என் முதல் மரம் போனது. இலை இல்லாத மரம் தண்ணீரை மேலே இழுக்காது. ஊற்றியது வேரைச் சுற்றித் தங்கி அதை அழுகவைக்கும். வேம்புக்கும் அரசுக்கும் மொட்டைக் காலம் கிழமைக்கணக்குத்தான், அவற்றுக்கு நாலு நாளுக்கொரு தடவை விடலாம்.

ஆடி ஆவணி வறட்சியில் கிளுவை மறுபடி இலையை உதிர்த்தாலும் உதிர்க்கும். பயப்பட வேண்டாம். உதிர்த்தால் தண்ணீரைக் குறையுங்கள். ஐப்பசி மழைக்கு முழுசாக உடுத்திக்கொள்ளும்.

கார்த்திகை மழைக்குத் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் வந்து கொட்டிவிடுகிறது. 2008 இல் நிஷா புயல் வந்த கிழமையில் முற்றம் குளமாகி, சட்டிகள் வைத்த பலகையே மிதந்தது. தொடர்மழை என்றால் சட்டியின் ஒரு பக்கத்தின் கீழ் அரைச் செங்கல்லை வையுங்கள். சாய்ந்த சட்டியில் தண்ணீர் ஒரு மூலைக்கு இறங்கி வெளியேறும், மட்டமாக இருக்கும்போது அடியில் தங்கும் ஈரம் தங்காது. இவ்வளவு சின்ன வேலை இவ்வளவு மரத்தைக் காப்பாற்றும் என்று செய்து பார்த்தபின்தான் நம்பினேன். சட்டியின் கீழ்த் தட்டு வைக்கும் பழக்கத்தை மாரியில் அறவே விடுங்கள். வேர் அழுகுவது ஒருபுறம். டெங்கு நுளம்புக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் போன்சாய்க் கலை என்றெல்லாம் விளக்கம் சொல்ல முடியாது.

இனி எந்தத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்பு நாள்தோறும் சட்டியில் படிகிறது. தண்ணீர் ஆவியாகும், சுண்ணாம்பு தங்கும். ஒரு வருடத்தில் சட்டி விளிம்பிலும் தண்டடியிலும் வெள்ளைப் பொருக்கு தெரியும். அதன்பின் புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வரும். மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேருக்கு அது எட்டவில்லை என்பதற்கான அடையாளம் அது. பசளை போதவில்லை என்று நினைத்து யூரியா போட்டால் நிலைமை மோசமாகும்.

வழி மழைநீர். 200 லீற்றர் நீலப் பரல் ஒன்றைக் கூரைப் பீலியின் கீழ் வையுங்கள். முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டுங்கள். ஒரு சட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர் என்றால், நாலு சட்டிக்குத் தனி மழைநீர் 50 நாள் வரும். கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் 100 நாள். மாரியில் பெய்யும் மழையே சட்டிக்குள் இருக்கும் பழைய சுண்ணாம்பையும் உப்பையும் கழுவிக் கொண்டுபோகும், அதனால் சாய்த்துவைத்த சட்டி மழையில் நனைவது நல்லது. தீவுப்பகுதியிலோ கரையோரத்திலோ உவர்க் கிணறு உள்ளவர்கள் இரண்டு பரல் வையுங்கள். உவர்நீரில் இலைநுனி கருகுவது ஒரு மாதத்துக்குள் தெரியும்.

ஏற்கனவே மஞ்சளான மரத்துக்கு, கார மண்ணிலும் கரைந்திருக்கும் ஈடிடிஎச்ஏ வகை இரும்புச் சத்தை விவசாயப் பசளைக் கடையில் கேட்டு வாங்கிப் பொதியில் உள்ள அளவுப்படி ஊற்றலாம்.

ஏழாம் படி: இடம்

வெளியில். விறாந்தையில் இல்லை, ரீவிக்குப் பக்கத்தில் இல்லை. விருந்தினர் வரும்போது இரண்டு நாள் உள்ளே வைத்து மினுக்கலாம், மூன்றாம் நாள் முற்றத்துக்குப் போகவேண்டும்.

நாலு சீமெந்துக்கல், ஒரு பலகை. இடுப்பளவு உயரம் வேண்டும், நிலத்தில் வைத்தால் துளையால் வேர் இறங்கி ஆறு மாதத்தில் அது வளவு மரமாகிவிடும். மேற்குப் பார்த்த மதிலுக்கு அருகில் வைக்காதீர்கள். பின்னேரம் குடித்த வெயிலை மதில் இரவு எட்டுமணி வரை கக்கும். சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வரும், ஆவணியின் நடுப்பகுதியிலும் அப்படியே. கிளுவைத் தண்டு அந்த வெயிலைத் தாங்கும், சட்டிக்குள் இருக்கும் வேர் தாங்காது. பதினொன்று முதல் மூன்று மணி வரை சட்டியை மட்டும் மறைத்து ஈரச்சாக்கு ஒன்றைச் சுற்றிவிட்டால் போதும்.

எட்டாம் படி: பசளை

ஜப்பானியர் கடுகினத்துப் பிண்ணாக்கைப் பாவிப்பதுபோல எங்களுக்கு எள்ளுப் பிண்ணாக்கு. 100 கிராமை 5 லீற்றர் தண்ணீரில் ஐந்து நாள் ஊறவைத்து, வடித்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, இலை உள்ள காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. மணம் பொல்லாதது, கலியாண வீட்டுக்கு முதல்நாள் செய்யாதீர்கள். இலை இல்லாத மரத்துக்கும், நட்டு இரண்டு மாதம் ஆகாத மரத்துக்கும், நோயுற்ற மரத்துக்கும் பசளை கிடையாது.

ஒன்பதாம் படி: வெட்டும் கம்பியும்

முதல் வருடம் கத்தரிக்கோலைத் தொடவே வேண்டாம். வந்ததெல்லாம் வளரட்டும். ஒரு பாகம் (இரு கையும் விரித்த அளவு) நீளத்துக்குப் போனாலும் விடுங்கள், தண்டடி பருப்பது அந்த நீளக் கொப்புகளால்தான். அறுத்த தண்டின் உச்சிக்குக் கிட்ட வந்த ஒரு கொப்பைப் புதுத் தலையாகத் தெரிந்து வையுங்கள்.

இரண்டாம் வருடத்திலிருந்து, தளிர் ஆறு எட்டு இலை விட்டதும் இரண்டு இலை மிஞ்ச வெட்டுவது. அந்த இரண்டின் கக்கத்திலிருந்தும் புதுத் தளிர் வரும், திசை மாறும். மறுபடி ஆறு எட்டு, மறுபடி இரண்டு. தென்சீனத்து லிங்நான் பாணியில் இப்படி வெட்டி வளர்த்தே முழு மரத்தையும் உருவாக்குவார்கள், கம்பி மிகக் குறைவு. எங்கள் வெப்பத்தில் மரம் வேகமாகத் தளிர்ப்பதால் எனக்கும் இதுவே கைவந்தது. எந்த இலையின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அடுத்த கொப்பு அந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் பார்த்து வெட்டுங்கள்.

கம்பி போட்டே ஆகவேண்டும் என்றால் மொட்டைக் காலத்தில் போடுங்கள். தண்ணீர் குடித்து ஊதிய கிளுவைக் கொப்பு வெள்ளரிக்காய்போல முறியும், வாடியிருக்கும்போது வளையும். அலுமினியக் கம்பி, கொப்பின் மூன்றிலொரு பங்குப் பருமன், 45 பாகைச் சரிவில் சுற்று. இலை வந்தபின் ஆறாவது கிழமையில் கட்டாயம் கழற்றவேண்டும். சுற்றி உரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். மெல்லிய தோல், தழும்பு விழுந்தால் பல வருடம் போகாது.

உருவத்துக்கு ஜப்பானியப் படங்களைவிட நெடுந்தீவுக்கு ஒருதரம் போய்வருவது நல்லது. ஒரே பக்கம் காற்று வாங்கிச் சாய்ந்த பற்றைகளை அங்கே பார்த்துவிட்டு வந்து கத்தரிக்கோலை எடுங்கள்.

ஆடு செய்த வேலை

மூன்றாம் வருடம் ஐப்பசி. நன்றாக உடுத்திய மரத்தை நிலத்தில் இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு ஆடு கடைசி இலையை மென்றுகொண்டிருந்தது. அதற்கென்ன, அதன் கண்ணுக்கு அது வேலிக் குழை. இருபது நாளில் மரம் முன்பைவிடச் சின்ன இலையோடு, இரட்டிப்புத் தளிரோடு வந்தது. போன்சாய்க்காரர் வேண்டுமென்றே செய்யும் இலைகிள்ளல் இதுதான். அரசுக்கு இது மிகப் பயன்படும்: நல்ல வளர்ச்சியில் உள்ள மரத்தில், வருடம் ஒருதரம், காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் கத்தரிப்பது. நலிந்த மரத்திலும் அந்த வருடம் சட்டி மாற்றிய மரத்திலும் செய்யக் கூடாது. கிளுவைக்கு இலை ஏற்கனவே சிறிது, ஆட்டுக்கு விருந்து வைக்க அவசியமில்லை.

பூச்சி

கொப்புக் கக்கத்தில் பஞ்சுபோல வெள்ளை தெரிந்தால் மாப்பூச்சி. எறும்பு வரிசை ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள், எறும்பு அதைக் காவல் காக்கும். ஒரு லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சில துளி பாத்திரம் கழுவும் திரவம், குலுக்கிப் பின்னேரத்தில் தெளிப்பது, கிழமைக்கு ஒன்றாக மூன்று தடவை. பழைய பல்துலக்கி கொண்டு தேய்த்தால் இன்னும் விரைவு.

தண்டு மெத்தென்று போனால் கூரிய கத்தியால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி, சிரட்டைக்கரித் தூள் பூசி, சட்டியிலிருந்து எடுத்து மறுபடி சாக்கின்மேல் காயவிடுங்கள். பாதி மரம் மிஞ்சினாலும் பிழைக்கும்.

பத்தாம் படி: சட்டி மாற்றுதல்

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருதரம், நட்ட அதே பங்குனி சித்திரைக் காலத்தில், மொட்டு அரிசிமணியாகும்போது. மாரியில் கண்டிப்பாக வேண்டாம், வெட்டிய வேர் ஈரத்தில் கிடக்கும். ஒரு கிழமை முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கிளப்பி, பழைய கலவையை உதிர்த்து, சுற்றிச் சுற்றி ஓடிய வேரை மூன்றிலொரு பங்கு குறைத்து, கீழ்நோக்கிய தடித்த வேரை அறுத்து, பக்கம் போவதை வைத்துக்கொள்ளுங்கள். கிளுவை வேர் சிலவேளை கிழங்குபோலத் திரண்டிருக்கும். அதில் நல்ல ஒன்றை அடுத்த தடவை மண்ணுக்கு மேலே கொஞ்சம் தூக்கி நட்டால் பார்ப்பவர் வாய் திறப்பார். வெட்டுவாய் நாலைந்து நாள் காய்ந்தபின் ஐந்தாம் படியில் சொன்னபடி.

வெளியூர் போகும்போது

கொழும்புக்கு மூன்று நாள் போவதென்றால் குச்சி பார்த்து ஊற்றிவிட்டு, மரநிழலுக்கு மாற்றிவிட்டுப் போகலாம். மொட்டைக் காலமென்றால் பத்து நாளும் கவலை இல்லை. இலைக் காலத்தில் ஒரு கிழமைக்கு மேல் என்றால் யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் பரலைக் காட்டி, அளவுக்கு ஒரு பேணியைக் கையில் கொடுத்து, “காலமை ஒரு பேணி அக்கா, அதுக்கு மேலை வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போவேன். ஆட்டைக் கட்டிவைக்கவும் சொல்வேன். அவ சிரிப்பா.